மூன்றாவது போதும்

பன்னிரண்டரை மணிக்கு மெஸ்ஸில் முதல் பந்தி உட்கார்ந்தது.

சுகந்தி கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் முதலாளி நாச்சிமுத்து. எல்லா மேசைகளின் விளிம்பிலும் அவள் செய்த பச்சை ரப்பர் பட்டை புதிதாக ஒட்டியிருந்தது. சாப்பிடுகிறவர்களின் இடது கை தானாக அதன்மேல் போய்ப் படுத்தது. வலது கை சோற்றில் இருக்கும்போது இடது கைக்கு வேறு வேலை இல்லை.

சுவரில் பழைய பலகை. 'அளவில்லாச் சாப்பாடு.'

ஜன்னலோரம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிறவர். சாம்பாருக்கு இரண்டு முறை சோறு வாங்குவார். வத்தக்குழம்புக்குத் தனியாக, ரசத்துக்குத் தனியாக, மோருக்குத் தனியாக. அவர் உள்ளே வந்தால் நாச்சிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அன்று சாம்பார் சோறு முடிந்தது. சப்ளையர் வத்தக்குழம்போடு குனிந்தார். ஆபீஸ்காரர் இலைக்கு மேல் கையை விரித்தார்.

"போதும்."

"ஏனுங்க, ரசம், மோரு?"

"வேண்டாங்கறனல்ல. வயிறு திம்முனு இருக்குது."

ஏப்பம் விட்டபடி எழுந்தார். கை கழுவப் போகும்போது ஒருமுறை திரும்பி இலையைப் பார்த்தார், எதையோ மறந்து வைத்துவிட்டவர்போல.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பலகையாலதான் அம்மிணி எங்கப்பா ரெண்டு மெஸ்ஸ மூடுனாரு. கழட்டுனா ஒருத்தன் வரமாட்டான். மாட்டுனா கட்டுப்படி ஆகாது." கை கழுவுகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவருக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது சார். வயிறு நிறைஞ்சா நரம்பு வழியா மூளைக்கு ஒரு சேதி போகும், போதும்னு. அதே சேதிய நாம மணிக்கட்டு வழியாக் கொஞ்சம் முன்னாடி அனுப்பறோம்."

"பொய்ச் சேதி."

"பொய் இல்ல. நீங்களும் பார்த்தீங்களே, மனுசங்களச் சாப்பிட வெச்சு, அவங்க போதும்னு சொன்ன இடத்தக் குறிச்சு, அந்த அளவுலதான் பட்டைய வெச்சிருக்கேன். அவங்க வாயால சொன்னது சார். அதுக்கு மேல சாப்பிட்டதெல்லாம் நாக்குக்காக."

நாச்சிமுத்து அடுத்த மேசையைப் பார்த்தார். அங்கும் ஒரு கை இலைக்கு மேல் விரிந்துகொண்டிருந்தது.

பட்டையை விற்க இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு 'நிறைவு' என்று பெயர் வைத்தார்கள். முதலில் மெஸ்கள் வாங்கின. பிறகு விற்பனை எதிர்பாராத பக்கமாகப் போனது.

நட்சத்திர ஓட்டல்கள் வாங்கவில்லை. "அங்க தட்டுல சோத்தத் தேடித்தான் பாக்கணும். அவனுக்கெதுக்கு நம்ம பட்டை?" என்று நாச்சிமுத்து சிரித்தார். கையேந்தி பவன்களில் ஒட்டுவதற்கு மேசையே இல்லை. தட்டுக் கணக்கில் விற்கும் பிரியாணிக் கடைக்காரர்களுக்கு எவ்வளவு தின்றாலும் லாபம்தான். ஒரு ஃபாஸ்ட் ஃபுட் முதலாளி ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், பசியைக் கூட்டற பட்டை ஒண்ணு பண்ணிக் குடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

"பண்ண முடியாது சார்."

"ஏன் முடியாது? குறைக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கூட்டத் தெரியாதா?"

"போதும்ங்கறது ஒரு சேதி. பசிங்கறது அந்தச் சேதி வராம இருக்கறது. வராததை எப்படி அனுப்பறது?"

அவர் அதை ஒரு நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு போனார்.

வாங்கியவர்கள் வேறு. ஆலை கேன்டீன்களை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள். மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், சிறைகள், முதியோர் இல்லங்கள். சாப்பிடுகிறவர் ஒருவராகவும் காசு கொடுக்கிறவர் இன்னொருவராகவும் இருக்கும் எல்லா இடங்களும். ஒப்பந்தங்கள் பெரிதாயின. சுகந்தி கோயம்புத்தூரில் ஒரு வீடு வாங்கினாள். அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள் என்று தம்பியிடம் போனில் சொன்னாள்.

தம்பி பூபதிக்கு ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை. ஆலை விடுதியிலேயே தங்கியிருந்தான். மூன்று வேளையும் கேன்டீன்.

தீபாவளிக்கு வந்தவனைக் கதவருகிலேயே நிறுத்திப் பார்த்தாள். சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இருந்தன. மிச்ச வார் ஒரு பக்கம் நாக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"ஜிம்முக்குப் போறியாடா?"

"எட்டு மணி நேரம் லைன்ல நிக்கறனே, அது ஜிம்மு இல்லியா? எப்பிடி, ஹீரோ மாதிரி இருக்கறனா?"

"எலும்புக்கூடு மாதிரி இருக்கற. உக்காரு."

இட்லியும் கறிக்குழம்பும் வைத்தாள். சின்ன வயதில் கறிக்குழம்பு என்றால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுவான். இப்போது இரண்டாவது இட்லியில் பாதியை விட்டுவிட்டுக் கையை உதறினான்.

"போதும்க்கா."

"நல்லால்லியா?"

"சூப்பரா இருக்குது. வயிறு ஃபுல்லு."

"கேன்டீன்ல என்னடா போடறாங்க?"

"எல்லாம் போடறாங்க. அளவெல்லாம் கெடையாது, கேட்டா வெப்பாங்க. கேக்கத்தான் தோண மாட்டேங்குது." பல்லைக் குத்திக்கொண்டு சொன்னான். "உங்க பச்சைப் பட்டைதான அங்கயும். எங்கக்கா கண்டுபுடிச்சதுன்னு பசங்ககிட்டப் பீத்திட்டுத் திரியறேன்."

அந்தக் கேன்டீனும் நிறைவின் ஒப்பந்தத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். அதை அதுவரை தம்பியோடு சேர்த்து நினைத்ததில்லை.

"அது சரியான அளவுதான்டா. நீயே டெஸ்ட்டுக்கு வந்தியே. உன்னையும் கேட்டுத்தான வெச்சேன்."

பூபதி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகித் தண்ணீர் குடித்தான்.

"அதச் சொல்லாத. எங்கயோ பெரிய ஓட்டல்ல ஹால் எடுத்து வெச்சிருந்தீங்களே."

"காசு போடறவங்க பார்க்க வந்தாங்கன்னு அங்க வெச்சோம்."

"கைல வயரு. வெள்ளைக் கையுறை போட்டவன் பரிமாறுறான். உங்க முதலாளி, கோட்டுக்காரங்க எல்லாரும் நான் மெல்றத நின்னு பாக்கறாங்க. அங்க உக்காந்து என்னத்தத் திங்கறது? மரியாதைக்குப் போதும்னேன். அந்தக் கையுறைக்காரன் ஒரே தடவைதான் கேட்டான். போதும்னதும் தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டான். எனக்கு அழுகையே வந்திருச்சு."

தட்டை எடுக்கப் போன சுகந்தி மறுபடி உட்கார்ந்தாள்.

"வெளிய வந்து எதுத்தாப்புல தள்ளுவண்டியில எட்டு இட்லி தின்னேன். நான் மட்டுமில்ல. உன் டெஸ்ட்டுக்கு வந்த மொத்தக் கூட்டமும் அங்கதான் நின்னுச்சு. வண்டிக்காரம்மா கேக்குது, உள்ள கல்யாணங்களா, சோறு போடாமத் தொரத்திட்டாங்களான்னு."

அவள் சிரிக்கவில்லை.

மரியாதைக்குப் போதும் என்பது அம்மா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அடுத்தவர் வீட்டில் முதல் தடவை கேட்டால் போதும் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால்தான் நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம். வைக்கிறவர்களுக்கும் அது தெரியும். எந்த வீட்டிலும் முதல் போதுமுக்குக் கரண்டியை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். எந்த மெஸ்ஸிலும் போக மாட்டார்கள். நட்சத்திர ஓட்டலில் போவார்கள். அங்கே அதுதான் மரியாதை.

பட்டையில் அவள் வைத்திருந்தது முதல் போதும்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"எதை? உங்க ஓட்டல்ல சாப்பிட்டுப் பசியோட வந்தேன்னா? நீ வருத்தப்படுவீல்ல."

நாச்சிமுத்துவின் அறையில் இப்போது ஏசி இருந்தது. பழைய பலகையை மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. டீ வரவழைத்தார்.

"வண்டியில இட்லி நல்லாத்தான் இருந்துச்சு அம்மிணி," என்றார்.

"சார்?"

"தேங்காச் சட்னி. நானும் நின்னு சாப்பிட்டேன். எனக்கும் அந்த ஓட்டல்ல கை கூசுச்சு. நம்ம ஆளுக பூராவும் அங்கதான் நின்னாங்க. என்னப் பார்த்ததும் சில பேரு தட்டைக் கீழ வெச்சுட்டாங்க. சாப்பிடுங்க, சாப்பிடுங்கன்னேன்."

அவள் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சுமா?"

"எனக்கு அப்பத் தோணுனது என்ன தெரியுமுங்களா? ஜனங்க இவ்வளவு கம்மியாச் சாப்பிட்டுமே போதும்னு சொல்லிட்டு எந்திரிக்கறாங்க. சண்டை போடல. மொகம் சுளிக்கல. இதுதானுங்க எனக்கு வேணும்னு தோணுச்சு."

"அது மரியாதைக்குச் சொன்னது சார். நான் அதை வயித்துக்குள்ள கொண்டு போய் வெச்சுட்டேன். ஆளுங்க மெலிஞ்சு போறாங்க."

"புகார் இருக்குதுங்களா?"

"எப்படி வரும்? யாருக்கும் பசிக்கறதில்லியே."

"அப்புறமென்னங்க? பசியோட ஒருத்தரையும் நான் எழுப்பி விடல. நெறஞ்சுதான் போறாங்க."

"அளவ மாத்தறேன். ஒரு ராத்திரி வேலைதான். எல்லாப் பட்டையும் இங்கிருந்தே மாறிடும்."

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். கோபம் இல்லை. களைப்பாக இருந்தார்.

"மாத்துங்க. திங்கக்கிழமை எல்லாருக்கும் பசிக்கும். சோத்துக்கு எங்க போறது?"

"அரிசி வாங்கணும்."

"எந்த ஒப்பந்தத்துலயும் அந்த அரிசி இல்லீங்க. ஆஸ்பத்திரியும் ஆஸ்டலும் இந்த அளவுக்குத்தான் வெலை பேசியிருக்கு. கொள்முதல் எறங்கிருச்சு, அண்டா சின்னதாயிருச்சு, சமையக்காரங்க பாதிப் பேரு வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஜெயில்ல அத்தன பேரும் ஒரே நாள்ல ரெண்டாவது சோறு கேட்டா என்ன நடக்கும்? நெனச்சுப் பாருங்க. இல்லாத சோத்துக்குப் பசிய மட்டும் திருப்பிக் குடுக்கறது பாவமுங்க."

அவள் நினைத்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தவறு எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். அது அவளிடம்தான் போய் நின்றது.

"எங்க தம்பி அங்க சாப்பிடறான் சார்," என்றாள் கடைசியில்.

"ஓசூருங்களா?" அவர் உடனே போனை எடுத்தார். "அத மொதல்லயே சொல்றதில்லீங்களா. தம்பி உக்கார்ற மேசையில பட்டையக் கழட்டச் சொல்றேன். ஒரு மேசைதான. அவருக்கு மட்டும் தனியாச் சோறு அனுப்பச் சொல்றேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

பட்டை இல்லாத மேசையில் பூபதி கார்த்திகை முழுவதும் சாப்பிட்டான். அவள் தினமும் போன் செய்தாள்.

"என்ன சாப்பிட்ட?"

"சாம்பார் சாதம்."

"எவ்வளவு?"

"வயிறு நெறயற அளவுக்கு."

"பூபதி, பசிக்குதாடா?"

"எதுக்குக்கா பசிக்கணும்? அதான் சாப்பிடறனே."

மார்கழியில் லைனிலேயே மயங்கி விழுந்தான்.

ஓசூர் மருத்துவமனையில் அவனைப் பார்த்தபோது கன்னம் உள்ளே போயிருந்தது. கண்கள் மட்டும் பழைய அளவில் இருந்தன. படுக்கைக்குக் குறுக்கே சாப்பாட்டுப் பலகை. அதன் விளிம்பில் பச்சைப் பட்டை. அவள் நகத்தால் அதைப் பிய்த்தெடுத்தாள்.

"வந்துட்டியா," என்றான். "இங்க சாப்பாடு பரவால்லக்கா. முழுசாச் சாப்பிட முடியல, அவ்வளவு வெக்கறாங்க."

தட்டில் இருந்தது இரண்டு கரண்டி சோறு.

டாக்டர் ரெஜினா அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நோய்னு எதுவும் இல்ல. பட்டினி கிடந்த உடம்பு மாதிரி இருக்கு. பசிக்குதான்னு கேட்டா இல்லைங்கறார். குழாய் வெச்சு ஊத்தினா வாந்தி எடுக்கறார். வயிறு முட்டினவங்க எடுக்கற மாதிரி. இந்த வார்டுலயே இப்படி நிறையப் பேர் இருக்காங்க. கேஸ் ஷீட்ல என்ன எழுதறதுன்னு தெரியல."

"பட்டைய எடுத்தா சரியாயிடும்னு நினைச்சேன்," என்றாள் சுகந்தி.

"எந்தப் பட்டை?"

"மேசையில இருக்கறது. அது பாதி வயித்துலயே போதும்னு சொல்லும் டாக்டர். தினமும் மூணு வேளை. சொல்லிச் சொல்லி உடம்பு அதை மனப்பாடம் பண்ணிடுச்சு. இப்போ பட்டை இல்லாமலே அதுவா சொல்லிக்குது."

"திருப்பி மறக்க வைக்க முடியாதா?"

"எப்படின்னு தெரியல."

டாக்டர் ஜன்னலில் சாய்ந்தார். வெள்ளைக் கோட்டின் தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் வளையல்போல உருண்டது.

"நீங்க எங்க சாப்பிடறீங்க டாக்டர்?"

"இங்கதான், கேன்டீன்ல. எனக்கு எப்பவுமே சின்ன வயிறு." கோட்டைத் தோளுக்கு இழுத்து விட்டுக்கொண்டார். "ஏன் கேக்கறீங்க?"

சுகந்தி நகத்தில் ஒட்டியிருந்த பச்சை ரப்பர்த் துணுக்கைத் தேய்த்து எடுத்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டர். "அவருக்குப் பிடிச்சதாச் சமைச்சுக் குடுத்துப் பாருங்க. பக்கத்துல உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா. இப்போ அவர் சாப்பிடற அளவுல ரொம்ப நாள் தாங்காது."

காரின் பின் இருக்கையில் படுத்தபடியே வந்தான். சேலத்துக்குப் பக்கத்தில் வழியோர ஓட்டல்கள் வரிசையாக வந்தன. பைபாஸ் மோட்டல், பரோட்டாக் கடை, சைவ ஓட்டல், வாத்துக்கறி என்று எழுதிய கூரைக் கொட்டகை. எல்லாவற்றிலும் வண்டிகள் நின்றன. ஒரு பரோட்டாக் கடையில் கல்லின் மேல் எண்ணெய் பொரியும் சத்தம் காருக்குள் கேட்டது.

"நிறுத்தட்டுமாடா?"

"உனக்குப் பசிச்சா நிறுத்து."

அவளுக்குப் பசித்தது. நிறுத்தவில்லை.

வீட்டில் வாழை இலை வாங்கி வைத்தாள். குக்கரில் வைக்காமல் சோற்றை வடித்தாள். அரிசியும் பருப்பும் தனியாக ஒரு சட்டியில், நெய் விட்டு. அம்மா கை வைத்த பக்குவம் வரவில்லை, ஆனால் வாசம் வந்தது. கறிக்குழம்பு. பூண்டு ரசம். தயிர். பூபதியைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தாள். அது சாதாரண மர மேசை. அப்பா காலத்தது. பட்டை எதுவும் இல்லை.

அவன் இடது கை தானாக நகர்ந்து மேசையின் விளிம்பில் படுத்துக்கொண்டது.

"கையைக் கீழ வெய்," என்றாள்.

வைத்தான். சற்று நேரத்தில் அது மறுபடி மேலே வந்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கனமே இல்லை.

"அரிசிம்பருப்பு," என்றான் இலையைப் பார்த்து. "அம்மா செய்யற மாதிரியே மணக்குது."

"சாப்பிடு சாமி."

ஒரு வாய் எடுத்தான். மென்றான். விழுங்கினான். இன்னொரு வாய் எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அவனுக்கு ருசி தெரிந்தது. அதை அவள் பார்த்தாள். முகத்தில் சின்னப் பையன் ஒருவன் வந்து போனான்.

பிறகு விரல்களை இலையில் வழித்துவிட்டுக் கையை விரித்தான்.

"போதும்க்கா."

அவள் கேட்காதவள்போலக் கரண்டியில் எடுத்து, அந்தக் கையைத் தள்ளிவிட்டு இலையில் வைத்தாள். குழம்பு ஊற்றினாள். அவன் சிரித்துவிட்டு அதிலிருந்து நான்கு பருக்கையை எடுத்து வாயில் போட்டான். நெடுநேரம் மென்றான்.

"போதும்."

இன்னொரு கரண்டி வைத்தாள். இந்த முறை அவன் கை சோற்றுக்குப் போகவில்லை. இலையின் ஓரத்திலேயே கிடந்தது. நெய் உறையத் தொடங்கியது. அவன் அவளைப் பார்த்தான். அவளைச் சங்கடப்படுத்துகிறோமே என்ற வருத்தம்தான் அந்தப் பார்வையில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"போதும்," என்றான்.

சுகந்தி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது நம்ம வீடுடா சாமி. இங்க யாரும் பார்க்கல. மரியாதைக்குத்தான சொல்ற?"